கடல்நாகத்தின் வயிற்றுக்குள்

பத்து பாகாட் என்னும் பெயருக்கு மலாய் மொழியில் உளியால் செதுக்கிய கல் என்று பொருள். முன்னொரு காலத்தில் சயாமியப் படையினர் கடலோரப் பாறையைச் செதுக்கிக் குடிநீர்க் கிணறு கண்டனர் என்று ஊரார் கதை சொல்வர். கல்லும் உளியும் பெயரிலேயே அமைந்த ஊராயினும், குன்று முழுவதும் சிலைகள் நிறைந்த ஓர் இடத்தை இவ்வட்டாரத்துத் தோட்டப் பிள்ளைகள் காண வேண்டுமென்றால், அந்நாளில் ஜொகூர் பாரு வரை ஏறத்தாழ 130 கிலோமீட்டர் சென்று, கடற்பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் சாலையை அடைந்தாக வேண்டும். அங்கேதான் புலித்தைலத் தோட்டம் இருந்தது. ஹாவ் பார் வில்லா என்பது அதன் முறையான பெயர். எனினும் தோட்டப்புறத் தமிழர் நாவில் அது என்றும் புலித்தைலத் தோட்டமே.

யோங் பெங் சாலையை ஒட்டிய ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவரின் மகன் ஒருவர், 1962-ஆம் ஆண்டு சீனப் புத்தாண்டு விடுமுறையில் முதன்முறையாக அங்குப் போனார். அப்போது அவருக்கு வயது ஏழு. தோட்டத்து மக்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வாடகைக்குப் பேருந்து ஒன்றை அமர்த்தியிருந்தனர். விடியுமுன் புறப்பட்ட பேருந்து ஆயர் ஈத்தாமில் ஒருமுறை நின்றது. பெண்கள் கட்டி வந்திருந்த புளிச்சோற்றுப் பொட்டலங்கள் அங்கேயே பாதி தீர்ந்துவிட்டன. அந்நாளில் கடற்பாலத்தில் கடப்பிதழ் கேட்பார் இல்லை. அவ்வழக்கம் 1967-இல்தான் வந்தது. பணத்தை மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. இரு கரைக்கும் ஒரே வெள்ளிதான். யாவற்றினும் மேலாக, தோட்டத்தின் வாயிலில் கட்டணம் கேட்பாரும் இல்லை. பையில் பேருந்துக் கட்டணத்துக்கு மேல் அதிகம் இல்லாத தகப்பனும் ஐந்து பிள்ளைகளோடு தலை நிமிர்ந்து உள்ளே நடக்கலாம். இந்த ஒன்றை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் நேர்ந்தவை யாவும் இதனோடு தொடர்புடையவை.

அத்தோட்டத்தை அமைத்தவர் ஆவ் பூன் ஹாவ். இரங்கூனில் மருந்துக்கடை வைத்திருந்த சீன வைத்தியர் ஒருவரின் மகன். ஹாவ் என்றால் புலி, தம்பி பூன் பாரின் பெயரிலுள்ள பார் என்றால் சிறுத்தை. இவ்விருவரின் கைப்பட்டுப் பெருகிய தைலத்தை அறியாத தமிழ் வீடு மலாயாவில் இருந்திருக்குமா என்பது ஐயமே. தலைவலிக்கும் தடுமனுக்கும் மூட்டு வலிக்கும் அந்தச் சிறு குப்பிதான். தம்பிக்காக அண்ணன் கட்டிய மாளிகையும் அதைச் சூழ்ந்த தோட்டமும் 1937-இல் நிறைவெய்தின. போர் வந்தது, ஜப்பானியர் அவ்விடத்தைக் கைப்பற்றினர், தம்பி 1944-இல் இரங்கூனில் மறைந்தார். போருக்குப் பின் சிதைந்த மாளிகையை இடித்துவிட்ட அண்ணன், தோட்டத்தை மட்டும் விடாது வளர்த்தார். கம்பி வலையால் உருவத்தைக் கட்டி, அதன்மேல் சிமெண்டைப் பூசி, பகட்டான வண்ணம் தீட்டிய சிலைகள் ஆண்டுதோறும் பெருகின. அவர் 1954-இல் காலமான பின்னும் குடும்பத்தார் அப்பணியைத் தொடர்ந்தனர். இன்று அங்குள்ள சிலைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை.

ஏழு வயதுச் சிறுவன் அங்கு என்ன கண்டான்? நண்டின் உடலில் மனிதத் தலையைக் கண்டான். சிரிக்கும் புத்தரைக் கண்டான். பல்லில்லாத மாமியாருக்குத் தன் பாலை ஊட்டிப் பசியாற்றும் மருமகளைக் கண்டான். அதன்பின் நரகத்தின் பத்து நீதிமன்றங்களுக்கு வந்தான். அங்கிருந்து அவனை நகர்த்துவதற்குத் தகப்பனார் பெரிதும் பாடுபட வேண்டியிருந்தது. ஒவ்வொரு மன்றத்திலும் ஓர் அரசர் வீற்றிருந்து தீர்ப்பு வழங்குகிறார். வரி ஏய்த்தவன் கல்லுலக்கையால் இடிக்கப்படுகிறான். உணவை வீணாக்கியவனும் நூல்களைப் பாழ்செய்தவனும் உடல் இரண்டாக அறுக்கப்படுகின்றனர். தேர்வில் ஏமாற்றியவனுக்குக் குடலை உருவும் தண்டனை. (பள்ளிக்கூடங்கள் இத்துணைக் கடுமையை மேற்கொள்ள இயலாது என்பது மாணவர்களின் நற்பேறு.) அச்சமும் ஆவலும் ஒருசேரப் பற்ற, சிறுவன் தகப்பனாரின் வேட்டியைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

தகப்பனாருக்குச் சீனமும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. ஆயினும் அவர் கதை சொன்னார். ஐந்தாம் மன்றத்து அரசரைச் சுட்டிக்காட்டி, “இவன்தாண்டா நம்ம எமன்” என்றார். அது படிப்பறியாத தொழிலாளி ஒருவரின் ஊகந்தான். எனினும் முற்றிலும் மெய்யான ஊகம். சீனர் யென்லோ என்று வழங்கும் அந்த அரசர், பௌத்தத்தோடு இந்திய மண்ணிலிருந்து சீனம் சென்ற எமனே ஆவார். அதே தோட்டத்தில் குரங்கு வீரனும் பன்றித் தோழனும் சூழப் புனித நூல் தேடி மேற்கே நடக்கும் துறவியின் சிலையும் உண்டு. அக்கதைக்கு மூலமான யுவான் சுவாங், ஏழாம் நூற்றாண்டில் காஞ்சி மாநகர் வரை வந்து, திராவிட நாட்டைத் தம் பயண நூலில் எழுதிவைத்தவர். பால்மரம் வெட்டும் தமிழர், தம் தாயகத்துக்கு வந்து சென்ற ஒருவரின் உருவத்தின்முன் அதை அறியாமலே நின்றிருந்தார். அறிந்தவர் எவரேனும் உடனிருந்து சொல்லியிருந்தால் எத்துணை நன்றாயிருந்திருக்கும்!

காலம் எதையும் விட்டுவைப்பதில்லை. சிலைகளின் வண்ணம் வெளுத்தது. தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்தது. வாயிலுக்கு எதிரே சாலைக்கு அப்பால் அலையடித்த கடலும் மண்ணிட்டு நிரப்பப்பட்டுத் தொலைவுக்குப் போயிற்று. சிங்கப்பூரில் ஒரு காலத்தில் ஒளி வீசிய மூன்று கேளிக்கை உலகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. இராட்டினமும் பேய் இரயிலும் மற்போரும் நடனக் கூடமுமாக 1923-இல் தோன்றிய நியூ வேர்ல்டு 1987-இல் மூடப்பட்டது. கிரேட் வேர்ல்டு இருந்த இடத்தில் இன்று வணிக வளாகம் நிற்கிறது. இந்நிலையில் புலித்தைலத் தோட்டத்தின் நிலத்தை 1985-இல் சிங்கப்பூர் அரசு கையகப்படுத்தியது. அதற்குப் புத்துயிர் ஊட்ட வேண்டும் என்னும் எண்ணம் எழுந்ததில் பிழை எதுவும் இல்லை. அமெரிக்காவில் டிஸ்னி அமைத்த பூங்காக்களை நோக்கி உலகமே வியந்துகொண்டிருந்த காலம் அது. சீனப் புராணங்களை வைத்து அத்தகையதொரு பூங்காவை ஏன் ஆசியாவில் அமைக்கக் கூடாது என்று ஆர்வலர்கள் வினவினர்.

எட்டுக் கோடி சிங்கப்பூர் வெள்ளி செலவிடப்பட்டது. 1990 அக்டோபரில் “டிராகன் வேர்ல்டு” என்னும் புதுப் பெயரோடு பூங்கா திறக்கப்பட்டது. டிராகன் என்பது சீனரின் கடல்நாகம். அதன் நீண்ட வயிற்றுக்குள் நீரோடை ஒன்று அமைத்து, படகில் அமர்ந்தபடியே நரக மன்றங்களைக் கண்டு செல்ல வழி செய்தனர். நீர்த் தெய்வங்களின் சீற்றம் என்று பெயரிட்ட மற்றொரு சவாரி, படகை உயரே ஏற்றிச் சென்று சரிவில் விடும். கீழே விழும்போது தெறிக்கும் நீரில் ஏறியவர் அனைவரும் நனைவர். லேசர் ஒளி வீசும் அரங்கங்களும் இயந்திரத்தால் பேசும் உருவங்களும் இருந்தன. பெரியவர் ஒருவருக்கு நுழைவுக் கட்டணம் 16 வெள்ளி.

அன்றைய சிறுவன் இப்போது மூன்று பிள்ளைகளின் தகப்பனார். பத்து பாகாட்டில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதுபவர். நாளிதழில் கடல்நாகத்தின் படத்தைக் கண்ட நாள் முதலாகப் பிள்ளைகள் அவரை உறங்கவிடவில்லை. அவ்வாண்டு டிசம்பர்ப் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு புறப்பட்டார். இரு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கொன்று நிகராக மாறிய காலம் 1973-ஓடு முடிந்திருந்தது. அந்த டிசம்பரில் சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு மலேசிய வெள்ளி ஒன்றரைக்குமேல் கொடுக்க வேண்டியிருந்தது. ஆகவே அவர் ஒருவர் உள்ளே நுழைய ஏறத்தாழ 25 மலேசிய வெள்ளி. மனைவிக்கும் அவ்வளவே. பிள்ளைகளின் கட்டணம் தனி. திரும்பும் பயணமும் இரவுச் சாப்பாடும் இருக்கின்றன. கணக்கெழுதுபவரல்லவா? வாயிலுக்கு வருமுன்பே மனத்துக்குள் கூட்டிக் கழித்துவிட்டார்.

“நீ பிள்ளைங்களோட போயிட்டு வா. நான் சின்ன வயசுலயே பார்த்ததுதானே” என்றார் மனைவியிடம்.

அந்த அம்மையாரும் மறுத்துப் பேசவில்லை. கணவரின் பையில் இருப்பது எவ்வளவு என்று அவருக்கும் தெரியும்.

மூன்று மணி நேரம் கழித்துப் பிள்ளைகள் தலைமுதல் கால்வரை நனைந்து, கூச்சலிட்டுக்கொண்டு வெளியே வந்தனர். அவர்களுடைய முகத்தில் இருந்தது கலப்பில்லாத மகிழ்ச்சி; அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. “நரகத்துல என்ன பார்த்தீங்க?” என்று தகப்பனார் ஆவலோடு கேட்டார். “இருட்டா இருந்துச்சுப்பா. படகு போய்க்கிட்டே இருந்துச்சு” என்றாள் மூத்தவள். எமனைப் பற்றி அவளுக்குச் சொல்ல எதுவுமில்லை. படகு எமனுக்காக நிற்பதில்லை. பின்னால் அடுத்த படகு வந்துகொண்டிருக்கிறது; வரிசையில் இன்னும் பலர் காத்திருக்கின்றனர். வேட்டியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கும் உரிமை, நடந்து செல்பவனுக்கே உண்டு.

புதுச் சவாரியால் ஒரு பூங்காவைப் பிழைக்க வைக்க முயல்வோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இதில் இருக்கிறது. இயந்திரச் சவாரி முதல் நாளில் மிகப் புதியது. அதன்பின் ஒவ்வொரு நாளும் பழையது. நீரேற்றும் பொறி, படகை இழுக்கும் சங்கிலி, நாள்தோறும் சோதனை, பழுது பார்க்க ஆள் எனச் செலவு குறைவதில்லை; வியப்போ குறைந்துகொண்டே வரும். அதை ஈடுசெய்யக் கட்டணத்தை உயர்த்த வேண்டும், அல்லது மேலும் ஒரு சவாரியை வாங்க வேண்டும். பெருநிறுவனங்கள் இரண்டையும் செய்ய வல்லவை. 2012-இல் ஜொகூரின் நூசாஜாயாவில் திறக்கப்பட்ட லெகோலாண்ட், அடுத்த ஆண்டே நீர்ப் பூங்காவையும் தங்கும் விடுதியையும் சேர்த்துக்கொண்டது. சிறு பூங்காக்களுக்கு அவ்வலிமை ஏது? கோம்பாக்கில் சிமெண்டு டைனோசார்களோடு பிள்ளைகளை ஈர்த்த மீமாலாண்ட் 1994-இல் மூடப்பட்டுக் காட்டுக்குள் மறைந்தது.

டிராகன் வேர்ல்டு தொடக்கத்தில் கூட்டத்தைக் கண்டது. பின் கூட்டம் தேய்ந்தது. பத்தாண்டுகளில் மூன்று கோடி வெள்ளிக்கு மேல் நட்டம். 2001-இல் நுழைவுக் கட்டணம் நீக்கப்பட்டது. சவாரிகளும் அகற்றப்பட்டன. எஞ்சியவை அண்ணன் தம்பிக்காக அமைத்த அதே சிமெண்டுச் சிலைகள். பதின்மூன்று வயதில் அங்கு வேலைக்குச் சேர்ந்த கைவினைஞர் ஒருவர், சவாரிகள் வந்தபோதும் போனபோதும் தூரிகையைக் கீழே வைக்காமல், எழுபதாண்டுகளுக்கு மேல் அச்சிலைகளுக்கு வண்ணம் தீட்டி வந்தார். எட்டுக் கோடி வெள்ளியின் கதை பத்தாண்டுகளில் முடிந்தது. அவருடைய வண்ணக் குவளையின் கதை முடியவில்லை.

மீண்டும் ஒரு புத்துயிர் முயற்சி நடந்தது. 2020-இல் சீரமைப்புக்காக மூடப்பட்ட பூங்கா, மறு ஆண்டில் திறக்கப்பட்டது. இம்முறை சவாரிகளைத் தேடிப் போகவில்லை. நரக மன்றங்களை உள்ளடக்கிய அருங்காட்சியகம் ஒன்றை 2021 அக்டோபரில் திறந்தனர். இறப்பைப் பற்றியும் மறுமையைப் பற்றியும் பல்வேறு சமயத்தார் கொண்டுள்ள எண்ணங்களை அது விளக்குகிறது. அதற்கு மட்டுமே கட்டணம். பூங்காவில் உலவுவதற்குக் கட்டணம் இல்லை. இந்த முயற்சி எத்தனை ஆண்டுகளுக்குத் தாங்கும் என்பதைக் காலந்தான் காட்ட வேண்டும். ஆயினும் இருப்பதைக் கொண்டு பிழைக்க நினைப்பது, இல்லாததை வாங்கிப் பிழைக்க நினைப்பதைவிட அறிவுடைய செயலாகவே தோன்றுகிறது.

2023-ஆம் ஆண்டில், வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த அந்தக் கணக்கர், பேத்தியை அழைத்துக்கொண்டு மூன்றாம் முறையாக அங்குப் போனார். பேத்தி, அன்று நனைந்து வந்த மூத்தவளின் மகள். இம்முறை அருங்காட்சியகத்துக்கு இரண்டு சீட்டு வாங்கினார். ஒவ்வொரு மன்றத்திலும் நின்றார். எமனைக் காட்டினார், தேர்வில் ஏமாற்றியவனை இருமுறை காட்டினார். பத்தாம் மன்றத்தில், மறுபிறவி எடுக்கப் போகும் உயிர்களுக்கு மறதித் தேநீர் வழங்கும் மூதாட்டியின் முன் பேத்தி நெடுநேரம் நின்றாள்.

“இந்தப் பாட்டி குடுக்கிறதக் குடிச்சா எல்லாமே மறந்துருமா தாத்தா?”

“எல்லாமே மறந்துரும்.”

“அம்மா படகுல போனேன்னு சொன்னாங்களே, அது எந்தப் பக்கம் ஓடுச்சு?”

முதியவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கடல்நாகம் எங்கே தொடங்கியது, நீர் எந்த வழியாக வந்தது, படகு எங்கே திரும்பியது என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவர் அந்தப் படகில் ஏறியவர் அல்லர்.