கையிலா, காலிலா, சீட்டிலா?

ஏற்காட்டுக்குப் போய் வந்தவர்கள் ஏரியில் படகு விட்டதைச் சொல்வார்கள், லேடீஸ் சீட்டில் நின்று சேலத்து விளக்குகளைப் பார்த்ததைச் சொல்வார்கள். நான் சொல்லப்போவது இறங்கி வந்த கதை. ஏறுவது யாருக்கும் முடியும் சார். இறங்குவதில்தான் இருக்கிறது விஷயம்.

என்னுடையது 2003-ம் வருட மாருதி 800. 'என்னுடையது' என்று நான் சொன்னால் பின் சீட்டிலிருந்து மாமியார் லேசாகத் தொண்டையைச் செருமுவார். வண்டி மாமனாருடையது. அவர் காலமான பிறகு என்னிடம் வந்தது. அதைக் குறை சொல்வது அவரையே குறை சொல்வது மாதிரி என்பது எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம். அதனால் ஆறு மாதமாக பிரேக்கில் கால் வைத்தால் 'கிறீச்' என்று கத்திக்கொண்டிருந்ததைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

ரகசியமாகச் சென்னையில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். வீலைக் கழற்றாமலே எஸ்டிமேட் கொடுத்தார்கள். முன்பக்கம் டிஸ்க், பேட், பின்பக்கம் டிரம், லைனர், போதாததற்கு ஸ்டியரிங் சம்பந்தமாக ஏதோ. நான் பி.காம். தேய்மானம் கழித்து காரின் புத்தக மதிப்பைப் போட்டுப் பார்த்தேன். எஸ்டிமேட் அதைத் தாண்டிப் போயிருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மனைவி, மகள், மாமியார் சகிதம் ஏற்காட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

முட்டாள்தனம் என்று உங்களுக்கு இப்போதே புரிகிறது. எனக்குப் பதினேழாவது வளைவில்தான் புரிந்தது.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது எண்கள் தலைகீழாக வரும். இருபது, பத்தொன்பது, பதினெட்டு வரை நான் மூன்றாவது கியரில் மிதப்பாக வந்துகொண்டிருந்தேன். பதினேழில் பிரேக்கை மிதித்ததும் ஸ்டியரிங் என் கையில் கிடுகிடுவென்று ஆடியது. பதினான்கில் கருகல் வாசனை. "ஏங்க, யாரோ காட்டுல தீ வெச்சிருக்காங்க போல" என்றாள் மனைவி. அந்தத் தீ எங்கே என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டில் சத்தம் மாறியது. 'கிறீச்' போய், அம்மிக்கல்லில் இரும்பை வைத்து அரைப்பது போல 'கர்ர்ர்'. பெடல் வேறு வழக்கத்தை விட ஆழமாக இறங்கியது. பின்னால் மகள் பாட்டியின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தபோது என் முதுகில் வேர்வை ஓடியது. மலைக் காற்று ஜில்லென்று அடிக்கும்போதே.

பதினொன்றுக்கு முன்னால் கொஞ்சம் அகலமான இடம் கிடைத்தது. ஓரம் கட்டினேன். இடது முன் வீலிலிருந்து லேசாகப் புகை. தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு போனேன்.

"சார் சார், ஊத்தாதீங்க!" பின்னால் வந்த வேன் டிரைவர் கத்தினார். "சூடா இருக்கிற இரும்புல பச்சைத் தண்ணி பட்டா டிஸ்க்கு கோணிக்கும். அரை மணி நேரம் சும்மா விடுங்க. பிரேக்குல காலையும் வெச்சுக்கிட்டு நிக்காதீங்க, பேடு அதே இடத்துல ஒட்டிக்கும்."

அந்த அரை மணி நேரத்தில் ஒரு கணக்குப் போட்டேன். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். அடிவாரத்துக்கு வருவதற்குள் 1,000 மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். ஆட்களோடு சேர்த்து சுமார் 900 கிலோ வண்டி. ஒரு பக்கம் டெபிட் என்றால் இன்னொரு பக்கம் கிரெடிட் வந்தே ஆக வேண்டும். இறங்கிய உயரம் முழுவதும் எங்கேயாவது சூடாக வரவு வைக்கப்படும். 25 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. இன்ஜினிடம் கொடுக்க வேண்டியதை நான் மொத்தமாக பிரேக்கிடம் கொடுத்திருக்கிறேன்.

சொல்லாமல் முடியவில்லை. "அத்தை, வண்டில பிரேக் சரியில்லை. ஆறு மாசமாவே" என்றேன்.

மாமியார் கோபிக்கவில்லை. "சத்தம் எனக்கும் கேட்டுச்சு மாப்பிள்ளை. நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவர் இறங்கறப்ப ரெண்டாவது கியர்லதான் வருவார். அவசரத்துக்குத்தான் பிரேக்னு சொல்வார்."

பெடல் மறுபடி கெட்டியான பிறகு முதல் கியரிலும் இரண்டாவதிலும் நத்தை மாதிரி இறங்கினோம். பின்னால் வந்த பஸ்கள் ஹாரனாலேயே என்னைத் திட்டித் தீர்த்தன.

கோரிமேட்டுப் பக்கம் ஒரு சின்ன ஷெட். ஒரு வேப்ப மரம், இரண்டு ஜாக்கி, ஐம்பது வயது மெக்கானிக். எஸ்டிமேட்டை நீட்டினேன். அதைப் படிக்கவே இல்லை. "இதை அப்புறம் பாக்கலாங்க. ஆட்டம் எங்க வருது? கையிலயா, காலுலயா, உக்கார்ற இடத்துலயா?"

டாக்டர்கூட என்னை இப்படிக் கேட்டதில்லை.

ஸ்டியரிங் ஆடினால் முன் டிஸ்க்கைச் சந்தேகப்படணும். ஸ்டியரிங் சும்மா இருந்து சீட்டும் பெடலும் அதிர்ந்தால் பின் டிரம். பிரேக்கையே தொடாமல் வேகத்தில் ஆடினால் அது பிரேக்கே இல்லை. வீல் பேலன்ஸிங்கையோ டயரையோ பார்க்கணும். சத்தத்திலும் ஜாதி உண்டு. மழை நின்ற மறுநாள் காலையில் இரண்டு மூன்று தடவை மட்டும் உரசினால் டிஸ்க்கில் படிந்த துரு. தானே போய்விடும். விடாமல் 'கிறீச்' என்றால் பேட் தேய்ந்திருக்கலாம், இல்லை சூட்டில் வழவழப்பாகியிருக்கலாம். 'கர்ர்' என்று வந்துவிட்டால் இரும்போடு இரும்பு. மேடு பள்ளத்தில் 'டொக் டொக்' என்றால் காலிப்பரோ சஸ்பென்ஷன் புஷ்ஷோ ஆடுகிறது.

எரிந்த சூடு அடங்கியதும், ஆள் நடமாட்டம் இல்லாத சமதளமான பக்கத்து ரோட்டில் அவரே மெதுவாக ஓட்டினார். ஹேண்ட் பிரேக்கின் பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே லேசாக மேலே தூக்கினார். ஹேண்ட் பிரேக் பின் வீலை மட்டும்தான் பிடிக்கும். ஆட்டமே இல்லை. "பின்னாடி சுத்தம்." எஸ்டிமேட்டில் பாதி அந்த இடத்திலேயே அடிபட்டுப் போனது. (நீங்கள் வெடுக்கென்று இழுத்துப் பார்த்துவிடாதீர்கள். பின் பக்கம் வழுக்கிக்கொண்டு போகும்.)

அடுத்து பானெட்டைத் திறந்தார். பிரேக் ஆயில் குறைந்திருந்தது. ஒழுகல் எங்கும் இல்லை. பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்குமாம். பேடைப் பார்க்காமல் மேலே ஊற்றி நிரப்புகிறவர்கள் அந்த அடையாளத்தையே அழித்துவிடுகிறார்கள். ஆயிலின் நிறமோ ஆறிய காபி டிகாக்‌ஷன். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. டாட் 3 ரகம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு தர விதியே 140 டிகிரிதான் கேட்கிறது. பன்னிரண்டாவது வளைவில் பெடல் ஏன் கீழே போனது என்பது அப்போது விளங்கியது. இன்னும் நாலு வளைவு அப்படியே வந்திருந்தால்? வேண்டாம், நான் யோசிக்க விரும்பவில்லை.

கடைசியில் இடது வீலைக் கழற்றினார். காலிப்பர் நகர்ந்து கொடுக்க வேண்டிய பின் ஒன்று துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. வெளிப் பக்கப் பேடில் பாதிக்கு மேல் மிச்சம். உள்பக்கப் பேடில் வெறும் தகடு. பிரேக்கை விட்ட பிறகும் அது டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. டிஸ்க்கில் கோடு கோடாகப் பள்ளம், நடுவில் நீலத் திட்டுகள்.

"லேத்துல கடைஞ்சு போட்டுடலாமா?" நான் சிக்கனம் பேசினேன்.

மைக்ரோமீட்டரை வைத்து அளந்தார். "கனம் பத்தாதுங்க. கடைஞ்சா இன்னும் மெலிசாப் போயிரும், அடுத்த மலையில மறுபடி ஆடும்."

புது டிஸ்க் இரண்டு. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும் என்றார். நாலு பேட், பின்னுக்குச் சூடு தாங்குகிற கிரீஸ், புது ஆயில். வீல் நட்டுகளைக்கூட வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். பில், சென்னை எஸ்டிமேட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பையிலிருந்த எஸ்டிமேட் காகிதத்தில் அவர் கையைத் துடைத்துக்கொண்டார். நான் தடுக்கவில்லை.

கிளம்பும்போது மாமியார் இறங்கிப் போய் அந்தத் தேய்ந்த பேடைக் கேட்டார்.

"பழைய இரும்பும்மா அது. எதுக்குங்க?"

"அவர் போட்டதா இருக்கும்."

மெக்கானிக் ஒன்றும் பேசவில்லை. மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். அதைக் கைப்பையில், ஏற்காட்டில் வாங்கிய மிளகுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார் மாமியார். உளுந்தூர்ப்பேட்டை வரை மிளகும் மண்ணெண்ணெயும் கலந்து மணத்தது. ஸ்டியரிங் ஆடவில்லை.