யானையும் அங்குசமும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

புதிய பொருளை வாங்குபவன் அதன் விலையை விசாரித்தால் போதும். பழைய பொருளை வாங்குபவனோ அதன் வரலாற்றையே விசாரிக்க வேண்டும். பழைய வாகனம் என்றால் அது ஓடிய தூரம், சுமந்த பாரம், பட்ட அடி, பட்ட கடன் அனைத்தும் அந்த வரலாற்றில் அடங்கும்.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் குடும்பத்துக்கு இப்படியொரு விசாரணை வாய்த்தது. என் தந்தையார் பதினைந்து ஆண்டுகளாகத் தள்ளுவண்டியில் இட்லிக் கடை நடத்துகிறார். முழங்கால் வலி வந்தபின் வண்டி தள்ள இயலவில்லை. ‘குட்டி யானை’ ஒன்றை வாங்கி, அதன் பின்புறத்தைச் சமையலறை ஆக்கிவிடலாம் என்றார் அம்மா. 2005-இல் வெளிவந்த டாடா ஏஸ் வண்டிக்கு நம் மக்கள் சூட்டிய செல்லப் பெயர் அது. இரண்டே சிலிண்டர், 702 சி.சி. எஞ்சின், ஆனால் முக்கால் டன் சுமக்கும். எங்களிடம் இருந்த தொகை இரண்டு லட்சம் ரூபாய். பாதி அம்மாவின் நகையை அடகு வைத்தது. பாதி மகளிர் குழுக் கடன். வண்டி சரியாக அமையாவிட்டால் நகை, தொழில், என் படிப்பு மூன்றும் ஆட்டங்காணும்.

நாமக்கல் பக்கம் மூன்று வண்டிகளைப் பார்த்தோம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அப்பா, இளமையில் எட்டு ஆண்டுகள் லாரியில் கிளீனராக இருந்தவர். வண்டியைப் பார்ப்பது அவர் பொறுப்பு; காகிதங்களைப் பார்ப்பது என் பொறுப்பு.

முதல் வண்டி கண்ணைப் பறித்தது. எவர்சில்வர் மேடை, அடுப்பு, வண்ண விளக்கு எல்லாம் தயார், விலை 2.10 லட்சம். ஆனால் தண்ணீர்த் தொட்டி கூரையின் மேல் இருந்தது. 300 லிட்டர் நிறைத்தால் 300 கிலோ. அவ்வளவு பாரம் உச்சியில் ஏறினால் ஈர்ப்பு மையம் உயரும். வளைவில் கவிழும் அபாயமும் கூடும். ஆர்.சி. புத்தகத்திலோ சமையலறை பற்றி ஒரு வரியும் இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இத்தகைய மாற்றத்துக்கு அனுமதி பெற்றுப் பதிவு செய்ய வேண்டும். பழைய உரிமையாளரின் கடன் பதிவும் நீக்கப்படவில்லை. “கடன் எப்பவோ முடிஞ்சுது தம்பி” என்றார் தரகர். நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் எங்கே என்றேன். அவரிடம் இல்லை.

இரண்டாவது வண்டி புதுப்பெயின்ட் மணத்துடன் நின்றது, 1.50 லட்சம். அப்பா எஞ்சினில் கை வைத்தார், சூடாக இருந்தது. நாங்கள் வருமுன் ஓட்டி வைத்திருக்கிறார்கள். முடுக்கியதும் நீலப் புகை. கறுப்புப் புகை என்றால் டீசல் முழுதாக எரியவில்லை. நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயிலே எரிகிறது. பழைய ஒலிபெருக்கியிலிருந்து நான் கழற்றிச் சென்ற காந்தத்தைக் கதவின் அடியில் வைத்தேன், ஒட்டவில்லை. பெயின்டுக்கு அடியில் இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் பட்டி பூசியிருந்தார்கள்.

மூன்றாவது வண்டி வெளுத்துப்போயிருந்தது. விலை 1.75 லட்சம். ஆறிக் கிடந்த எஞ்சின் முதல் முயற்சியிலேயே எழுந்தது, புகை இல்லை. சேஸிஸ் எண் புத்தகத்தோடு ஒத்திருந்தது. எட்டு ஆண்டைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. வேண்டும்; அதுவும் காப்பீடும் நடப்பில் இருந்தன. டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். இரண்டு டயர்கள் மிகப் பழையவை என்று அதைக் காட்டிப் பேசினோம், 1.62 லட்சத்துக்கு முடிந்தது.

பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஆகிய படிவங்களை நீட்டிய தரகர், “பையன் பாத்துட்டாப்லல்ல, நீங்க கையெழுத்தைப் போடுங்கண்ணே” என்றார். அப்பா பேனாவை வாங்கவில்லை. “நீ சத்தமா வாசி கண்ணு, கேட்டுட்டுப் போடறேன்” என்றார். வாசிக்காத ஒரு பத்திரத்தில் கைநாட்டு வைத்து அரை ஏக்கரை இழந்தவர் என் தாத்தா. வெயிலில் நின்றபடி ஒவ்வொரு வரியாக வாசித்துப் பொருள் சொன்னேன். ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடித் திணறியபோது தரகரும் உதவினார். கால்மணி நேரத்துக்குப் பின் அப்பா நிதானமாகக் கையெழுத்திட்டார்.

நண்பர்களே! நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள். யானையை வாங்கிக் கட்டிவிட்டு அங்குசத்துக்கு அலையக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். வண்டி யானை என்றால் அதன் காகிதங்களே அங்குசம். அதைப் பிடிக்க நம் படிப்பு உதவும். ஆனால் எஞ்சினின் ஓசையைக் கேட்டு அதன் நோயைச் சொல்லும் காது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. அது நம் வீட்டுப் பெரியவர்களிடம் இருக்கிறது. பட்டம் பெற்றுவிட்டோம் என்பதற்காக அந்தக் காதை நாம் அலட்சியம் செய்யலாகாது.

சமையலறை அமைக்க அனுமதி கோரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். தண்ணீர்த் தொட்டி தரைமட்டத்தில்தான் இருக்கும்.