செம்மண் சடக்கில் பிடிமானம்

ஈப்போவைச் சுற்றியுள்ள பழைய ரப்பர் தோட்டங்களில் இன்று பால்மரம் அதிகமில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனைதான். தொழிலாளர் லயங்களை இடித்துவிட்டார்கள். ஆனால் கோயில்கள் பல இடங்களில் அங்கேயே நிற்கின்றன. ஆண்டுத் திருவிழா வந்தால் கோலாலம்பூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டி உழைத்த மண்ணைத் தேடி வருகிறார்கள். ஒரு காலத்தில் சைக்கிளும் டிராக்டரும் ஓடிய சடக்கில் இப்போது ஃபோரெஸ்டர், சிஆர்-வி, எக்ஸ்70. மாலை நாலு மணிக்கு மழை கொட்டினால் போதும், ஆல்-வீல் டிரைவ் என்று பின்கதவில் பொறித்த காடியும் சேற்றில் சுற்றிக்கொண்டு நிற்கும்.

அப்படி நின்றவர்கள் அடுத்த வாரம் வந்து சேரும் டயர் பட்டறை ஒன்று புந்தோங் பக்கம் இருக்கிறது. அந்த வேலையைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன். மூத்த ஃபோர்மேன், ஈப்போ ஐஎல்பி தொழிற்பயிற்சிக் கழகத்தில் படித்துவிட்டு வந்த ஒரு தம்பி, கணக்கும் கைப்பேசியும் பார்க்கும் ஓர் அக்கா, மூன்றே பேர். ஃபோர்மேன் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா பால் வெட்டியவர். ஃபோர்மேன் கைத்தொழில் பழகியது தோட்டத்து டிராக்டர் கொட்டகையில்.

“ஆல்-வீல் வாங்கியும் ஏண்ணே மாட்டுது?” என்று கேட்டேன்.

“நாலு சக்கரத்துக்கும் சக்தி போகுது. போன சக்திய மண்ணுல இறக்கணும்ல? அதை இறக்குறது ரப்பர்தானே தம்பி.”

காடியை மேலே தூக்கி அடிவயிற்றைக் காட்டினார். எஞ்சினைக் குறுக்கே வைத்த பெரும்பாலான கிராஸ்ஓவர்களில் சாதாரண ஓட்டத்தில் முன்சக்கரங்களே இழுக்கின்றன. முன்னால் வழுக்கும்போதோ, வழுக்கப்போகிறது என்று கணினி கணிக்கும்போதோ, பின்பக்கக் கப்ளிங்கிலுள்ள கிளட்ச் தகடுகள் இறுகிப் பின்சக்கரங்களுக்கும் சக்தியை அனுப்பும். சுபாருவில் பின்பக்கத்துக்கு எப்போதும் ஒரு பங்கு போய்க்கொண்டே இருக்கும். எந்த வகையானாலும் இடது வலதுச் சக்கரங்களுக்கு நடுவே இருப்பது பெரும்பாலும் பூட்டில்லாத டிஃபரன்ஷியல்தான். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதுவே வெறுமனே சுற்றும். அப்போது பிரேக் அந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி, சக்தியை எதிர்ப்பக்கம் தள்ளவேண்டும். டகடகவென்று ஒரு சத்தம் வரும். புதிதாக வாங்கியவர்கள் ஏதோ உடைந்துவிட்டதென்று பயந்து, எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கக் கூடாது. ஒரே சீராக மிதித்தால் இரண்டு மூன்று நொடியில் காடி நகரும்.

அன்று பட்டறையில் நின்றது 18 அங்குல ரிம் போட்ட ஒரு சுபாரு ஃபோரெஸ்டர். டயர் 225/55ஆர்18. சொந்தக்காரர் லிஃப்ட் கிட் போட்டு உயர்த்தித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார். ஃபோர்மேன் மறுத்துவிட்டார். இந்தக் காடிக்குத் தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் தூக்கினால் டிரைவ் ஷாஃப்டின் மூட்டுகள் கோணல் வாங்கிச் சீக்கிரம் தேயும், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதித் தொல்லை வேறு. பட்டறைக்கு நல்ல வரும்படி தரும் வேலை அது. வேண்டாமென்று சொன்னதற்காகவே அவர்மேல் எனக்கு மதிப்புக் கூடியது.

அவர் சொன்ன மாற்று எளிமையானது. அதே தலைமுறை ஃபோரெஸ்டரின் குறைந்த விலை மாடலில் வருவது 17 அங்குல ரிம், 225/60 டயர். மொத்த விட்டம் மூன்று மில்லிமீட்டர்தான் வேறுபடும், ஆனால் டயரின் பக்கச் சுவர் 124 மில்லிமீட்டரிலிருந்து 135 ஆகிறது. அந்தக் கூடுதல் ரப்பர்தான் கல்லிலும் வேரிலும் வளைந்துகொடுத்து, தரையை விடாமல் பிடிக்கும். அதில் ஆல்-டெரெய்ன் டயர் போட்டால் கிராஸ்ஓவருக்குப் போதும். மட்-டெரெய்ன் வேண்டாம். நெடுஞ்சாலையில் இரைச்சல், ஈரத் தாரில் பிரேக் பிடிப்பும் குறைவு. வருடத்தில் பெரும்பாலான நாள் தார்ச் சாலையில் ஓடும் காடிக்கு அது பொருந்தாது.

தம்பி பழைய டயரைக் கழற்றினார். எடைக்கட்டிகளைப் பிடுங்கி, வால்வைத் திறந்து, ரிம்மின் உதட்டில் சோப்புத் தண்ணீர் தடவி, கம்பியை ஒரே சுற்றில் ஓட்டினார். ஃபோர்மேன் அதற்குள் புது டயரின் பக்கச் சுவரிலுள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நாலு இலக்கங்களைப் படித்துவிட்டார். முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரம், அடுத்த இரண்டும் வருடம். பிறகு நகத்தை டிரெட்டில் அழுத்திப் பார்த்தார். செகண்ட் டயர் வாங்கிவருபவர்களிடமும் இதையே செய்கிறார். கோடு ஆழமாக இருந்தாலும் ரப்பர் முதிர்ந்து இறுகியிருந்தால் ஈரக் களிமண்ணில் பிடிக்காது. டிரெட்டின் சாய்ந்த பள்ளங்களை விரலால் தடவி, “பால் வெட்டுற கோடு மாதிரி சாய்வா இருக்கணும். அங்க பால் வழிஞ்சு மங்குக்குப் போகணும், இங்க சேறு வழிஞ்சு வெளிய போகணும்” என்றார். சேறு வெளியேறாத டயர் களிமண் பூசிய உருளைதான். தோட்டச் சடக்கில் மாட்டிக்கொள்ளும் நகர்ப்புற டயர்களுக்கெல்லாம் நடப்பது இதுதான்.

நாலையும் மாற்றவேண்டுமா, இரண்டு போதாதா என்று எல்லாரும் கேட்கிறார்களாம். இதில் அவர் விட்டுக்கொடுப்பதில்லை. டயரின் டிரெட் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் சுற்றளவு ஆறு மில்லிமீட்டருக்கு மேல் குறைகிறது. சுபாரு அனுமதிக்கும் வேறுபாடே ஏறக்குறைய அவ்வளவுதான். முன்னால் புதிது, பின்னால் தேய்ந்தது என்று ஓட்டினால் சுற்றுகள் ஒத்துப்போகாமல், கிளட்ச் தகடுகள் நாள்முழுக்க உராய்ந்து சூடாகும். இரண்டு டயரில் மிச்சம் பிடித்த வெள்ளியைக் கியர்பெட்டி வாங்கிக்கொள்ளும்.

மறுநாள் புது டயர் போட்ட அந்தக் காடியில் சுங்கை சிப்புட் பக்கம் போனோம். இந்த வட்டாரத்தின் ரப்பர்க் கதை நீண்டது. கோலாகங்சாரில் 1877-ல் நட்ட மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கவேண்டும் என்று 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தன், சுங்கை சிப்புட் மக்களின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். இந்த மாநிலத்தின் கமுந்திங்கில் தயாரான சில்வர்ஸ்டோன் எம்டி-117 டயரைக் காட்டுப் பந்தயக்காரர்கள் பலர் விரும்பிப் போட்டார்கள். ரப்பர் பால் எடுத்த சமூகம், அந்த ரப்பரை மண்ணில் பிடிக்கவைக்கும் வித்தையும் கற்றுவைத்திருக்கிறது. முதல் வேலையைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இரண்டாவதைப் பற்றிப் போதுமான அளவு யாரும் எழுதவில்லை என்பது என் ஆதங்கம்.

தார் முடியும் இடத்தில் ஃபோர்மேன் இறங்கி, நாலு டயரிலும் காற்றை இறக்கினார். 33 பிஎஸ்ஐயிலிருந்து 22. எண்ணெய் நிலையத்துக் கிலோபாஸ்கல் கணக்கில் 230-லிருந்து 150. டயர் தரையில் பதியும் தடம் நீளும், சுமை பரவும், பிடிமானம் கூடும். 18 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. ஒரு காசு செலவில்லாத இந்த வேலையை மிஞ்ச எந்தச் சாமானும் இல்லை என்பார் அவர். நான் கண்ணால் பார்த்தேன். டயர் மாற்றாமல் வந்த இன்னொரு காடி வழுக்கி நின்ற அதே ஏற்றத்தில், காற்றை இறக்கியதும் அந்தக் காடியே ஏறியது.

சடக்கின் நடுவில் செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் போட்ட ஆழமான தடங்கள். அதற்குள் இறங்கினால் காடியின் வயிறு மேட்டில் உட்கார்ந்துகொள்ளும். சக்கரத்தில் எடையே இருக்காது. அப்புறம் எந்த டயரும் உதவாது. ஒரு சக்கரம் நடுமேட்டிலும், மறுசக்கரம் தடத்துக்கு வெளியிலும் ஓடும்படி தம்பி ஓட்டினார். ஓரிடத்தில் காடி நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் இறங்கினோம். ஃபோர்மேன் வரிசை நடுவே குவித்திருந்த செம்பனை மட்டையை இழுத்துவந்தார். அடிமட்டையில் முள் இருக்கும். அதை வெட்டித் தள்ளிவிட்டு, இலைப்பகுதியை மட்டும் சக்கரத்துக்கு முன்னால் திணித்தார். மஞ்சளும் ஆரஞ்சுமாக விற்கும் பிளாஸ்டிக் பலகைகள் செய்யும் அதே வேலை.

திரும்பியதும் முதலில் காற்று. குறைந்த காற்றில் நெடுஞ்சாலையில் ஓடினால் டயர் சூடேறி வெடிக்கலாம். அடுத்து ரிம்மின் உட்புறம் ஒட்டிய சேற்றைப் பீய்ச்சிக் கழுவுதல். காய்ந்தால் ஸ்டியரிங் நடுங்கும், பேலன்ஸிங் போய்விட்டதென்று வீணாகக் காசு கொடுப்பார்கள். ஆழமான தண்ணீரில் இறங்கிய காடியென்றால் பின் டிஃபரன்ஷியலின் ஆணியைத் தளர்த்தி எண்ணெயைப் பார்ப்பார். வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, உடனே மாற்றவேண்டும்.

இவ்வளவையும் அவர் சொல்லிக்கொடுப்பதற்கு ரசீதில் இடமில்லை. டயருக்கும் கூலிக்கும் மட்டுமே காசு. ஐஎல்பி சான்றிதழ் தம்பியிடம் இருக்கிறது, சேற்றைப் படிக்கும் பார்வையை அவர் இந்த மனிதரிடம்தான் வாங்குகிறார். இரண்டுக்கும் கூலி கிடைக்கவேண்டும்.

அடுத்த திருவிழாவுக்குத் தோட்டச் சடக்கு தொடங்கும் முச்சந்தியில் கம்ப்ரெசருடன் நிற்பதாகக் கோயில் குழுவிடம் சொல்லியிருக்கிறார்கள். போகும் காடிகளுக்குக் காற்று இறக்குவார்கள், வரும் காடிகளுக்கு ஏற்றுவார்கள். சாமி காரியத்துக்குக் காசு வாங்குவதா என்று ஃபோர்மேன் தயங்குகிறார். காடிக்கு ஐந்து வெள்ளியாவது வாங்கியே ஆகவேண்டும் என்கிறார் அக்கா. அக்கா சொல்வதே சரி என்று ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.