ஆய்க்குடியில் ஆறு வாரங்கள்

நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் பிறர் கதைகளை எழுதியவனுக்குத் தன் வீட்டுக் கதையை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

தலவாக்கலைக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். என் அக்காவுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து கால்கள் இரண்டும் சூம்பிவிட்டன. லயத்திலிருந்து பாதைக்கு ஏற 38 மண்படிகள். அப்பா தூக்கிச் சென்றால்தான் அவள் பாதையைக் காண்பாள். பிள்ளைக் காம்பராவில் விடும் வயது கடந்த பின், அம்மா அவளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவார். செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் தோட்டத்தில் ஒருவர் ஆள். அக்காவின் பெயர் அதில் ஒருநாளும் ஏறவில்லை. 1981இல், 26 வயதில், காய்ச்சலில் இறந்துபோனாள்.

ஓய்வு பெற்ற பின், 2023இல், தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடிக்குச் சென்று அமர் சேவா சங்கத்தில் ஆறு வாரங்கள் தொண்டராக இருந்தேன். என் பாட்டனார் கப்பலேறி வந்த திருநெல்வேலிச் சீமை அது. எனக்கோ விசா பெற்றுச் செல்லும் வெளிநாடு.

சங்கத்தை நிறுவியவர் எஸ். ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராயிருந்த 1975இல், கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் சென்றவர், உடற்திறன் சோதனையில் கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தமக்குச் சிகிச்சையளித்த இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் நினைவாகச் சங்கத்துக்குப் பெயரிட்டார். தொடங்கிய ஆண்டு 1981. ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு. என் அக்கா இறந்த ஆண்டும் அதுவே. 1992இல், தசைச் சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் அவருடன் இணைந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

விடுதிச் சிறுவர்களுக்கு மாலையில் தமிழ் வாசிப்புச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. முதல் நாள், ஒரு சிறுவனின் சக்கர நாற்காலியைக் கேட்காமலே பிடித்துத் தள்ளினேன். அவன் திரும்பிப் பார்த்து, "நானே போவேன் தாத்தா, நீங்க பின்னால வாங்க" என்றான். வெட்கமாயிற்று. சாய்தளத்தில் அவன் விரைந்து ஏறிப் போனான். நான் மூச்சு வாங்கப் பின்தொடர்ந்தேன்.

தையல் பிரிவில் ஒரு பெண்மணி காலிப்பர் அணிந்து வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு மாலை அவரிடம் அக்காவைப் பற்றிச் சொன்னேன். இதுவரை கேட்டவர்களெல்லாம், அவளுக்கு என்ன வருத்தம் என்றுதான் விசாரித்திருக்கிறார்கள். இவரோ, "உங்க அக்கா என்ன வேலை பாத்தாங்கய்யா?" என்றார்.

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கு கிழிந்தால், லயம் முழுவதும் அக்காவிடம்தான் கொண்டுவரும். சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்து அத்தனையும் தைத்தாள். ஒரு சதம்கூட எவரும் கொடுத்ததில்லை. அதை வேலை என்று நாங்களும் எண்ணியதில்லை.

"தையல்காரி" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டுப் புறப்பட்டார்.

ஊர் திரும்பியதும் பழைய லயத்துக்குப் போனேன். படிகளுக்குச் சிமெந்து பூசியிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன், அதே 38. ஊனமுற்றோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் 1996இல் நிறைவேறியது. அது இன்னும் அந்தப் படிகளில் இறங்கி வரவில்லை.