உள்ளே மாட்டு, வெளியே கழற்று

பிரிட்டனில் குடிமக்களுக்கென்று அடையாள அட்டை கிடையாது. ஆதார் மாதிரி ஒன்றைக் கொண்டுவரப் பார்த்த அரசுகள் இங்கே கையைச் சுட்டுக்கொண்டன. இரண்டாம் உலகப் போருக்காக 1939ல் கொடுத்த அட்டையை, போர் முடிந்த பிறகும் போலீஸ் கேட்டுக்கொண்டிருந்தது. 1950ல் லண்டனில் காரை நிறுத்திக் கேட்ட காவலரிடம் ஹாரி வில்காக் என்பவர் காட்ட முடியாது என்று சொல்லிவிட்டார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 1952ல் அட்டையே ஒழிந்தது. டோனி பிளேர் ஆட்சியில் 2006ல் மறுபடியும் சட்டம் போட்டார்கள்; 2010ல் வந்த அடுத்த அரசு அதை ரத்து செய்தது. 2025 செப்டம்பரில் பிரதமர் ஸ்டார்மர் டிஜிட்டல் அடையாளம் என்று அறிவித்ததும் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் 20 லட்சத்துக்கும் மேல்.

அப்படிப்பட்ட நாட்டில்தான் 16 வயதுப் பிள்ளைகள் தினமும் காலையில் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு கல்லூரி வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். கிழக்கு லண்டனில் அப்படி ஒரு கல்லூரியின் அலுவலகத்தில் எனக்கு வேலை. கல்லூரி என்றதும் நம்மூர் பி.ஏ., பி.எஸ்சி. என்று நினைக்க வேண்டாம். ப்ளஸ் டூ வயதுப் பிள்ளைகளும் ஐடிஐ மாதிரித் தொழில் படிப்பவர்களும் மாலையில் ஆங்கிலம் கற்க வரும் பெரியவர்களும் ஒரே கட்டடத்துக்குள் இருப்பார்கள். பெரியவர்களும் சின்னப் பிள்ளைகளும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் இடம். அட்டைக்கான காரணமே அதுதான்.

கயிற்றின் நிறத்தைப் பார்த்தாலே ஆளைச் சொல்லிவிடலாம். மாணவருக்கு ஒரு நிறம், ஊழியருக்கு ஒரு நிறம். விருந்தாளிக்குப் பெரும்பாலும் சிவப்பு. சிவப்புக் கயிறு போட்டவர் தனியாக நடமாடினால், நான்காம் மாடியில் தரை துடைக்கும் அம்மாகூட நிறுத்தி, "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்பார். கேட்கவும் வேண்டும், அது அவருடைய வேலையிலும் சேர்ந்தது. 2002ல் சோஹம் என்ற சின்ன ஊரில் இரண்டு சிறுமிகளைக் கொன்றவன் ஒரு பள்ளியில் பராமரிப்பாளனாக இருந்தவன். அவனைப் பற்றி வேறு ஊர்ப் போலீசுக்கு வந்திருந்த புகார்கள் வேலை கொடுத்தவர்களுக்குத் தெரியவே இல்லை. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வேலை செய்பவர்களின் பின்னணியைச் சரிபார்க்கும் முறை இறுகியது. 2012ல் அதற்கென இருந்த அமைப்புகளை இணைத்து ஒரே அமைப்பாக்கினார்கள். கயிறு அந்தச் சரிபார்ப்பு வெளியே தெரிகிற வடிவம். இங்கே முதல்வரும் கயிறு போட்டுக்கொண்டுதான் வருகிறார்.

தறிக்காரர் வீட்டில் பிறந்தவனால் எந்தத் துணியையும் புரட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. வேலையில் சேர்ந்த அன்று கொடுத்த கயிற்றைக் கழுத்தில் போடுவதற்கு முன்னால் கரையைத்தான் பார்த்தேன். ஒன்றரை விரல் அகலம், பாலியஸ்டர். ஒரு பக்கக் கரையில் ஊடை இழை ஒழுங்காகத் திரும்புகிறது. மறு பக்கத்தில் பொடிப்பொடியாகச் சங்கிலிப் பின்னல். நாடா போய்வரும் தறியில் இரண்டு கரையும் ஒன்றுபோல இருக்கும். இது ஊசித் தறியில் வந்தது: ஒரு ஊசி ஊடையை இரட்டை இழையாக எடுத்துக்கொண்டு போகும், எதிர்க்கரையில் ஒரு கொக்கி ஊசி அதைப் பின்னிப் பூட்டும். கல்லூரியின் பெயர் நெய்ததல்ல, சூட்டில் இறக்கிய அச்சு. காகிதத்தில் அச்சடித்து 200 டிகிரி அளவுக்குச் சூடு காட்டினால் சாயம் ஆவியாகி பாலியஸ்டருக்குள் இறங்கிவிடுகிறது. பட்டில் இந்த வித்தை பலிக்காது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். பின்கழுத்தில் வருகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பூட்டு இருந்தது. யாராவது பிடித்து இழுத்தாலோ எதிலாவது மாட்டிக்கொண்டாலோ தானாகக் கழன்றுவிடும். கயிற்றிலேயே உருப்படியான பாகம் அதுதான்.

மாணவர்களுக்கு இது பிடிக்கிறதா என்றால், இல்லை. பாதிப் பேர் கையில் சுற்றிக்கொள்வார்கள், சிலர் பையில் போட்டுவைத்துக் கதவருகே தேடுவார்கள். ஒரு கயிற்றை மட்டும் விரும்பிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்: பச்சையில் மஞ்சள் சூரியகாந்திப் பூ போட்டது. பார்த்தால் தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்காக 2016ல் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கியது. ஆட்டிசம் உள்ள ஒரு பையன் தன் நிலைமையை ஒவ்வொரு கவுண்டரிலும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்; பூவைப் பார்த்தாலே கொஞ்சம் பொறுமையாகப் பேச வேண்டும் என்று எதிரில் இருப்பவருக்குப் புரியும்.

அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே கழுத்தில் கயிறு மாட்டிக்கொண்டு திரிந்தால் முதலாமாண்டு என்று சீனியர்கள் சிரிப்பார்களாம். விடுதிக் கதவு, சாப்பாடு, நூலகம் எல்லாம் அந்த ஒரே அட்டையில் என்பதால் புதுப் பிள்ளைகள் தொலைத்துவிடப் பயந்து கழுத்திலேயே வைத்துக்கொள்கிறார்கள். 2018ல் டியூக் உள்ளிட்ட மூன்று பல்கலைக்கழகங்களில் ஆப்பிள் அந்த அட்டையைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்துவிட்டது.

ஊருக்கு வருவோம். எங்கள் ஆரணியில் இதற்கு டேக் என்று பெயர். காலை இருட்டில் பேருந்து நிலையத்தில் நின்றால் வேலூர் பக்கமும் காஞ்சிபுரம் பக்கமும் போகிற கல்லூரிப் பேருந்துகளும், அவற்றுக்காக நிற்கிற பிள்ளைகளும், நிறம்நிறமான டேக்குகளும். போன முறை போயிருந்தபோது அக்கா மகள் கல்லூரி முடிந்து வந்து, காபி குடித்து, தம்பியோடு சண்டை போட்டு முடித்த பிறகும் டேக் கழுத்திலேயே இருந்தது.

"ஏம்மா, வீட்டுக்கு வந்தாச்சே, கழட்டக் கூடாதா?" என்றேன்.

"இருக்கட்டும் மாமா. நாளைக்கு மறந்துட்டுப் போனா கேட்லயே ஃபைன்."

அக்கா சமையலறையிலிருந்தே சொன்னாள்: "அது கழுத்துல இருந்தா பஸ்ல மரியாதையாப் பேசறாங்கடா. நம்ம வீட்ல யாரு கழுத்துல பேரு எழுதித் தொங்குச்சு?"

அக்கா சொன்னது எனக்கு உறைத்தது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. மத்திய பட்டு வாரியம் 2004ல் கொண்டுவந்த சில்க் மார்க் அட்டையும் ஹாலோகிராமோடு சேலையில் தொங்குகிறது. இரண்டிலும் நெய்தவர் பெயர் இல்லை. குழித்தறியில் காலை விட்டு உட்கார்ந்து எங்கள் அப்பா நெய்த சேலைகளில் பல காஞ்சிபுரம் கடைக்குப் போய் காஞ்சிப் பட்டாகவே கல்யாண வீடுகளுக்குள் நுழைந்தன. தறிக்கு மேலே தொங்குகிற ஜக்கார்டு அட்டையில் மயிலும் அன்னமும்தான் இருக்கும். அப்படிப்பட்ட தறி வீட்டுப் பெண்ணுக்குப் புகைப்படத்தோடு, பெயரோடு, துறையோடு ஒரு அட்டை கிடைத்தால் அதைச் சட்டைக்குள் ஒளித்துக்கொள்ளச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லண்டன் பையன் கையில் சுருட்டிவைப்பதும் ஆரணிப் பெண் வீடுவரை போட்டுவருவதும் ஏன் என்று யோசித்தால், அபராதத்துக்குப் பயம் பாதி, இந்தப் பெருமை பாதி.

ஆனால் அந்த அட்டையை வாங்கிப் படித்தபோது திக்கென்றது. முன்பக்கம் பெயர், துறை, படம். பின்பக்கம் ரத்தப் பிரிவு, அப்பா பெயர், தெருவும் கதவு எண்ணும் சேர்ந்த முழு முகவரி, கைப்பேசி எண். ஒற்றைக் கொக்கியில் தொங்குவதால் அட்டை தன்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டே இருக்கிறது. பின்பக்கம் என்று அதற்கு ஒன்று இல்லவே இல்லை. கூட்டமான பேருந்தில் நிற்கிறவன் அதை நிதானமாகப் படித்து மனப்பாடமே செய்துகொள்ளலாம். என் லண்டன் அட்டையில் பெயர், படம், ஒரு எண்; அவ்வளவுதான். அதையும் வாசலைத் தாண்டினால் கழற்றிவிடு என்று மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறோம். எந்தக் கல்லூரி, என்ன பெயர் என்று தெருவில் போகிறவனுக்கு எதற்குத் தெரிய வேண்டும்?

டேக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவியிடம் கொடுமை செய்தவன் வெளியிலிருந்து உள்ளே வந்தவன். அதற்குப் பிறகு வளாகத்தில் அடையாள அட்டை கண்டிப்பாகிவிட்டது. அதே பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி ஒன்று எங்கள் ஆரணியை அடுத்த தச்சூரிலும் இருக்கிறது. வெளியாள் யார் என்று ஒரு பார்வையில் தெரிய வேண்டும் என்பது நியாயமான காரணம். அதற்கு மாணவர் மட்டும் போட்டால் போதாது. தண்ணீர் கேன் கொண்டுவருபவர், ஒப்பந்தத் தொழிலாளி, தாளாளரைப் பார்க்க வந்த பிரமுகர் எல்லாருக்கும் கயிறு வேண்டும். கயிறு இல்லாதவரைக் கேள்வி கேட்கும் துணிவு காவலாளிக்கும் வேண்டும். மறந்துவந்த பெண்ணிடம் அபராதம் வசூலித்துவிட்டுக் காரில் வந்தவருக்கு சல்யூட் அடிக்கிற வாசலில் டேக்கால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை.

அக்கா மகளின் டேக்கில் பின்கழுத்துப் பூட்டும் இல்லை. இரண்டு முனையையும் சேர்த்துத் தகரத்தில் நசுக்கிவிட்டிருந்தார்கள். வொர்க்‌ஷாப்பில் லேத் ஓடும்போது சட்டைக்குள் விட்டுக்கொள்ளச் சொல்வார்களாம். பாலியஸ்டர் கயிறு அவ்வளவு சுலபத்தில் அறுகிற சாமானா? சுற்றுகிற சக்கில் மாட்டினால் என்ன ஆகும் என்று மெக்கானிக்கல் துறைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கல்லூரி நடத்துகிறவர்களிடம் கேட்பது மூன்றுதான். அடுத்த ஆண்டு அட்டை அடிக்கும்போது முகவரியையும் கைப்பேசி எண்ணையும் எடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு அலுவலகத் தொலைபேசி எண் ஒன்று போதும். சில ரூபாய் கூட ஆனாலும் கழன்றுகொள்ளும் பூட்டு வைத்த கயிறாகப் பார்த்து வாங்குங்கள். கல்லூரி வாசலைத் தாண்டியதும் டேக்கைப் பைக்குள் வைக்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அட்டை அடித்துக் கொடுத்துவிட்ட கல்லூரி என்றால், பெற்றோர் இன்று ராத்திரியே அதைத் திருப்பிப் பார்த்து, முகவரியின் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிடுங்கள்.