தந்தையின் நாலாவது கட்டம்

நம் தந்தையரில் பலர் பிழைப்பை நாடி வடக்கே வந்தவர்கள். வேலை முடியும் நாளில் சொந்த ஊரும் அவர்களுக்கு அயலூராகிவிடுகிறது. என் தந்தையார் கரக்பூரில் ரெயில்வே எழுத்தராக இருந்து 2019-இல் ஓய்வு பெற்றார். அப்போது நான் பள்ளி மாணவன். காலை எட்டு மணிக்கே சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார், எங்கும் போகமாட்டார். பார்த்துப் பார்த்து அம்மா உருகினார்.

அவ்வாண்டின் இறுதியில் திருவாதிரை மீன் மங்கத் தொடங்கியது. பத்திரிகையில் படித்துவிட்டு மாடிக்கு ஏறியவர், பேரேட்டுப் பழக்கம் விடுமா, தேதி, மணி, ஒளி என்று கட்டம் போட்டு எழுதலானார். நாலாவது கட்டம் 'ஐயம்'; மேகம் இருந்தால் அதில் குறிப்பு விழும். கருவி எதுவும் கிடையாது. ரோகிணியோடும் பெல்லாட்ரிக்ஸோடும் ஒப்பிட்டுக் கண்ணாலேயே மதிப்பிட்டார். ஒளித்தரத்தில் எண் கூடினால் வெளிச்சம் குறைவு. வழக்கமாக அரைத் தரத்தை ஒட்டி நிற்கும் திருவாதிரை 2020 பிப்ரவரியில் 1.6 வரை இறங்கிற்று. அவர் நோட்டில் அன்று 'பெல்லாட்ரிக்ஸுக்குச் சமம்' என்றிருக்கிறது!

மீன் உமிழ்ந்த பொருளே குளிர்ந்து தூசாகி மறைத்தது என்று அறிஞர்கள் பின்னர் விளக்கினர். அப்பாவுக்கு அதில் அவ்வளவு அக்கறையில்லை. யசோர் கருவூலத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான மாறொளி மீன் கணிப்புகளை அமெரிக்கச் சங்கத்துக்கு அனுப்பிய ராதாகோவிந்த சந்திரரைப் பற்றிச் சொன்னேன். "அவரும் குமாஸ்தாவா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது ஏறத்தாழ 332 நாளுக்கு ஒருமுறை ஒளிரும் மீராவைத் தொடர்கிறார். விடுமுறையில் போனால் என் எம்.எஸ்ஸி. பற்றி விசாரிப்பதில்லை. "இருபது நிமிஷம் கண்ணை இருட்டுக்குப் பழக்கு, பிறகு பேசு" என்கிறார்.