கொசுறு

பெரிய மார்க்கெட்டில் காய் வாங்கினால், கடைசியில் ஒரு கொத்து கறிவேப்பிலையும் நாலு பச்சை மிளகாயும் பையில் போடுவார்கள். அதற்குக் காசு கிடையாது, கொசுறு. என் உத்தியோக காலத்தில் பாதிக்கு மேல் நான் என்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி புதுவை சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்கு 13 வயது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். பெரியப்பா எழுதிக் கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. பெரியப்பா பிள்ளைகள் பிற்பாடு பாரீசுக்குப் போய்விட்டார்கள். நான் பிரெஞ்சிலேயே படித்து பிரெவே தேறி, 1972ல் இங்கே அரசு அலுவலகம் ஒன்றில் எல்.டி.சி.யாகச் சேர்ந்தேன்.

அங்கே எல்லாம் ஆங்கிலம். எனக்கோ ஆங்கிலம் இரண்டாம் பட்சமாகப் படித்த பாஷை. சேர்ந்த மூன்றாம் மாதம் தங்கை கல்யாணத்துக்கு 2 நாள் லீவு கேட்டு எழுதினேன். பிரெஞ்சில் 'தெமாந்தே' என்றால் கேட்டுக்கொள்வது, அவ்வளவுதான். அதையே ஆங்கிலத்தில் போட்டு, '2 நாள் லீவு டிமாண்ட் செய்கிறேன்' என்று எழுதிவிட்டேன். சூப்பிரண்டு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு நடுவில் வந்து நின்றார்.

"பிரெஞ்சு துரை லீவு டிமாண்ட் பண்றார்யா! குடுக்கலன்னா என்ன செய்வாரோ!"

ஹால் முழுக்கச் சிரித்தது. பியூன் கூடச் சிரித்தார். அன்று முதல் நான் 'டிமாண்ட் சார்'. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

லீவு கிடைத்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இது ஒரு சின்ன விஷயம் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் இப்போது அப்படித்தான் தெரிகிறது. ஆனால் அப்போது ஒரு நோட் எழுத அரை மணி நேரம் டிக்ஷனரியைப் புரட்டுவேன். யாராவது அந்தப் பக்கம் சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் என்று நினைப்பேன். ஆகஸ்டு மாதம் பாரீசிலிருந்து அண்ணன் வருவார். விருந்தில் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "ஏன் தம்பி, இன்னும் கிளார்க்குதானா?" என்பார். வேண்டுமென்று கேட்கவில்லை, பாவம், வேறென்ன பேசுவது என்று தெரியாது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வராது.

1996ல் என் பதவி உயர்வு தள்ளிப்போனது. எனக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் மேலே போனார்கள். அது தவக்காலம். வெள்ளிக்கிழமை சம்பா கோயிலில் சிலுவைப்பாதை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, மனம் ஆறாமல் நற்செய்தியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்தி என்று சொல்லமாட்டேன். பொழுது போகவில்லை.

மத்தேயுவில் குருவிக்கு ஒரு விலை வருகிறது: காசு ஒன்றுக்கு இரண்டு குருவி. லூக்காவில் அதே பேச்சு, விலை மட்டும் வேறு: இரண்டு காசுக்கு ஐந்து. பல தடவை படித்த இடம்தான். ஆனால் 24 வருஷம் பில் சரிபார்த்த கை சும்மா இருக்குமா? ஒரு காசுக்கு இரண்டு என்றால் இரண்டு காசுக்கு நான்குதானே வரவேண்டும்? டாலி ஆகவில்லை. அப்புறம்தான் விளங்கியது. ஐந்தாவது குருவி கொசுறு. விலையே இல்லாதது, மொத்தமாக வாங்கினால் மேலே தூக்கிப் போடுவது. அந்தக் குருவியைக் கூடக் கடவுள் மறக்கவில்லை என்று ஆண்டவர் சொல்கிறார்.

இவள் அடுக்களையிலிருந்து வந்து, "என்ன, கண் கலங்கியிருக்கு?" என்று கேட்டாள். "கணக்கு தவறு" என்றேன்.

மறுநாளே எல்லாம் மாறிவிட்டது என்று சாட்சி சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் மாறவில்லை. திங்கட்கிழமை அதே நாற்காலி, அதே டிமாண்ட் சார். இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. அடுத்த வருஷம் ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கச் சேர்ந்தேன். வாசித்துவிட்டு இறங்கும்போது முன்பெஞ்சில் யார் தலையாட்டுகிறார்கள் என்று பார்ப்பேன். ஆபீசில் கிடைக்காத நல்ல பெயரைக் கோயிலில் வசூல் செய்யப் பார்த்தேன்.

ஒருநாள் எனக்கு வந்த வாசகம் சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம், நாலாம் அதிகாரம். நீங்கள் எனக்குத் தீர்ப்புச் சொன்னால் எனக்கு அது பெரிதல்ல என்கிறார். அது சரி, கர்வம் பிடித்தவனும் சொல்வான். அடுத்தபடி, நானே எனக்குத் தீர்ப்புச் சொல்வதும் இல்லை, அது ஆண்டவர் வேலை என்கிற பொருளில் எழுதுகிறார். அந்த இடத்தில் எனக்கு நாக்குத் தடுக்கியது. அந்தக் கால அரசு ஊழியர்களுக்குத் தெரியும், அப்போதெல்லாம் வருஷா வருஷம் நமக்கு ரகசிய அறிக்கை எழுதுவார்கள், நமக்குக் காட்ட மாட்டார்கள். சூப்பிரண்டு எனக்கு எழுதியது ஒன்று, ராத்திரி படுத்துக்கொண்டு நானே எனக்கு எழுதியது ஆயிரம். அவர் 'சுமார்' என்று போட்டிருந்தால் நான் 'பிரயோஜனமில்லை' என்று போட்டிருக்கிறேன். சின்னப்பர் அந்தப் பேனாவைக் கீழே வைக்கச் சொல்கிறார்.

வைத்தேன், திரும்ப எடுத்தேன், திரும்ப வைத்தேன். 2009ல் ஓய்வு பெறும்வரை இதே கதைதான். ஆனால் எடுப்பது குறைந்தது. கடைசிப் பத்து வருஷத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் நோட்டைத் திருத்தும்போது தாளை அவர்கள் மேஜைக்கே கொண்டுபோய், பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகச் சொல்வேன். ஹாலுக்கு நடுவில் நின்றது கிடையாது.

போன மாதம் கடற்கரைச் சாலையில் பழைய சகா ஒருவர் தூரத்திலிருந்தே, "டிமாண்ட் சார்!" என்று கூப்பிட்டார். சிரித்துக்கொண்டே திரும்பினேன். லேசாகச் சுருக்கென்றது, இல்லை என்று சொன்னால் பொய். பேரன் பிரான்சில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறானாம், அவன் எழுதிய கடிதத்தைப் பார்த்துத் தரவேண்டும் என்றார்.

பையன் மறுநாள் வந்தான். இங்கிலீஷ் மீடியம். உண்மையில் என்று சொல்ல நினைத்து, 'அக்த்யுவெல்மான்' என்று எழுதியிருந்தான். "தம்பி, அது ஆங்கில ஆக்சுவலி இல்லப்பா. பிரெஞ்சில் தற்சமயம் என்று அர்த்தம்" என்றேன். பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ரொம்ப கேவலமா இருக்கா தாத்தா?" என்றான்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, 1972ல் நான் எழுதிய லீவு லெட்டர் கதையை அவனுக்குச் சொன்னேன். அதை நானாக ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான்.